எட்டு மாதக் குட்டிக்கு இடுப்புயரத் தடை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளர்ப்பு நாய்களுக்கான தடைதாண்டும் பயிற்சி நம் ஊர்களிலும் பரவி வருவதைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் படச்செய்தி ஒன்று வெளிவந்திருந்தது. நாய் வளர்ப்போரின் கவனத்தை இந்த விளையாட்டின் பக்கம் திருப்பியதற்காக முதலில் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால், எட்டு மாதக் குட்டி என்று குறிப்பிடப்பட்டிருந்த அந்த நாய், பக்கத்தில் நின்ற இளைஞரின் இடுப்பளவு உயரத்தில் கட்டப்பட்ட மூங்கில் கழியைத் தாண்டிக்கொண்டிருந்தது. பார்ப்பதற்கு அழகான படம்தான். அதைப் பார்த்த கையோடு எத்தனை வீட்டு மொட்டை மாடிகளில் அன்று மாலையே கழி கட்டியிருப்பார்களோ என்று எண்ணியபோதுதான் எனக்குக் கவலை பிறந்தது. அந்தத் தவற்றை நானே ஒருமுறை செய்து, அதன் விளைவை என் நாய் அனுபவித்ததைப் பார்த்தவன் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

'அஜிலிட்டி' என்று ஆங்கிலப் பெயராலேயே இங்கும் அழைக்கப்படும் இந்த விளையாட்டு, 1978-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பியா அரங்கில் நடைபெற்ற க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இரண்டு நிகழ்ச்சிகளுக்கு இடையே பார்வையாளர்களுக்குப் பொழுது போவதற்காக நடத்தப்பட்ட ஒரு சிறு காட்சியாகத் தொடங்கியது. கண்காட்சிக் குழுவில் இருந்த ஜான் வார்லி, குதிரைகள் தடை தாண்டும் போட்டியைப் போல நாய்களுக்கும் ஒன்றை அமைத்துத் தரும்படி பீட்டர் மீன்வெல் என்ற பயிற்சியாளரைக் கேட்டுக்கொண்டார். இடைவேளைக்காக வந்தது இரண்டே ஆண்டுகளில் பிரிட்டனின் கென்னல் கிளப் ஏற்றுக்கொண்ட விளையாட்டாகி, 1996-இல் சுவிட்சர்லாந்தின் மோர்ஜ் நகரில் உலகப் போட்டி நடத்தும் அளவுக்கு வளர்ந்தது. களத்தில் ஏறத்தாழ இருபது தடைகள் இருக்கும். குறுக்குக்கம்பைத் தாண்டுவது, வளைந்த சுரங்கத்துக்குள் நுழைந்து வெளிவருவது, கூரை போன்ற சரிவில் ஏறி இறங்குவது, உயரத்தில் கட்டிய பலகையில் நடப்பது, சீசா பலகையைக் கடப்பது, வரிசையாக நட்ட பன்னிரண்டு கம்பங்களுக்கு இடையே பாம்பு போல் வளைந்தோடுவது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. எந்தத் தடைக்குப் பின் எந்தத் தடை என்பது உடன் ஓடுபவருக்குத்தான் தெரியுமே தவிர நாய்க்குத் தெரியாது. அவர் நாயையோ தடையையோ தொடக் கூடாது. கையில் தின்பண்டமோ பந்தோ வைத்திருக்கக் கூடாது. நாயின் கழுத்தில் வாரும் இருக்காது. குரலாலும் உடலசைவாலும் மட்டுமே வழி சொல்லியாக வேண்டும்.

ஆகவே இது உயரம் தாண்டும் போட்டி அன்று. எஃப்.சி.ஐ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் பன்னாட்டு நாய் வளர்ப்போர் கூட்டமைப்பின் விதிகளின்படி, தோள் உயரம் 48 செ.மீ. அல்லது அதற்கு மேலுள்ள பெரிய நாய்களுக்குக்கூடத் தாண்டுகம்பின் உயரம் 60 செ.மீ.க்கு மேல் போவதில்லை. நன்கு வளர்ந்த ஓர் ஆளின் முழங்காலுக்குச் சற்று மேலே இருக்கும் உயரம் அது. உலகப் போட்டியில் ஓடும் நாய்க்கே அவ்வளவுதான் என்னும்போது, படத்தில் இருந்த குட்டிக்கு இடுப்புயரக் கழியைக் கட்டியவர் எதை மனத்தில் வைத்துக் கட்டினார் என்று எனக்கு விளங்கவில்லை.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றியவன். 110 மீட்டர் தடை ஓட்டத்தில் பெரியவர்களுக்குத் தடையின் உயரம் 1.067 மீட்டர் என்றும், 20 வயதுக்கு உட்பட்டோருக்கு 0.991 மீட்டர் என்றும், 18 வயதுக்கு உட்பட்டோருக்கு 0.914 மீட்டர் என்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக் கூடியவன். வளரும் பிள்ளைக்குத் தடையைத் தாழ்த்தித்தான் வைக்க வேண்டும் என்பதை எத்தனையோ பெற்றோருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், ஓய்வு பெற்ற ஆண்டில் சிப்பிப்பாறை இனத்து ஆண் குட்டி ஒன்றை வாங்கி வீரன் என்று பெயரிட்டு, அதற்கு எட்டு மாதம் நிறைவதற்கு முன்பே வீட்டுச் சுற்றுச்சுவரின் சிறிய இரும்புக் கதவைத் தாண்டப் பழக்கினேன். அது தாண்டியது, தெருவே கைதட்டியது, நாளொன்றுக்கு இருபது முறை தாண்ட வைத்தேன். மூன்றாவது வாரத்தில் அதன் முன்னங்கால் ஒன்று தரையில் ஊன்றப்படவில்லை. கால்நடை மருத்துவர் ஊடுகதிர்ப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எலும்பே இன்னும் முற்றவில்லையே, இதை யார் தாண்டச் சொன்னது?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான்கு மாதம் கட்டிப்போட்டு வைத்து, கால் ஒருவாறு நேரானது. ஆனால் முயலையும் முந்தும் இனத்தில் பிறந்த அந்த நாய், அதன் பிறகு நாலுகால் பாய்ச்சலில் ஒருபோதும் ஓடவில்லை.

மருத்துவர் அன்று விளக்கியதை இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். குட்டியின் நீண்ட எலும்புகளின் முனைகளில், எலும்பாக இறுகாத குருத்தெலும்புத் தட்டுகள் இருக்கும். எலும்பு நீள்வது அங்கேதான் என்பதால் அவற்றை வளர்ச்சித் தட்டுகள் என்பார்கள். சிறிய இன நாய்களில் அவை ஏறத்தாழ ஓராண்டுக்குள் இறுகிவிடும். பெரிய இனங்களில் ஒன்றரை ஆண்டு வரையிலும் ஆகலாம். அதற்கு முன், தாண்டிக் குதிக்கும் நாயின் எடை முழுவதும் தரையிறங்கும் நொடியில் முன்னங்கால்கள் மீது விழும்போது, அந்த மென்மையான பகுதி நசுங்கினாலோ விலகினாலோ கால் கோணலாகவோ குட்டையாகவோ வளரக்கூடும். எஃப்.சி.ஐ. போட்டிகளில் 18 மாதம் நிறையாத நாயைக் களத்தில் இறங்கவே அனுமதிக்காததற்கும் இதுதான் காரணம்.

அப்படியானால் பதினெட்டு மாதம் வரை சும்மா இருக்க வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில், உண்மையான பயிற்சியில் பெரும்பகுதி அந்த மாதங்களில்தான் நடக்கிறது என்பதே. வீரனுக்குப் பின், தெருவில் கண்டெடுத்த பெண் குட்டி ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. நிறத்தைக் கொண்டே அதற்குச் செவலை என்று பெயர். அதை வளர்த்தபோது முதல் ஓராண்டு எந்தத் தடையையும் நான் தரையிலிருந்து உயர்த்தவில்லை.

முதலில் கற்பித்தது, பெயரைச் சொன்னால் என் முகத்தைப் பார்ப்பது. வீட்டுக்குள்ளும், பிறகு வாசலிலும், பிறகு மாடுகளும் மற்ற நாய்களும் திரியும் தெருவிலும் அது என்னைப் பார்க்கும் வரை அடுத்த பாடத்துக்குப் போகவில்லை. செய்தது சரி என்பதை அது செய்த அதே நொடியில் தெரிவிப்பதற்கு ஒரு குறிச்சொல் வேண்டும். வெளிநாட்டில் இதற்காகக் கையில் அழுத்தினால் 'டக்' என்று ஒலிக்கும் கிளிக்கர் என்ற சிறு கருவியைப் பயன்படுத்துகிறார்கள். நான் 'சபாஷ்' என்ற சொல்லையே பயன்படுத்தினேன். சபாஷ் என்று சொல்லி உடனே ஒரு துண்டு உணவு கொடுப்பதைச் சில நாட்கள் தொடர்ந்து செய்தால், அந்தச் சொல்லே நாய்க்குப் பரிசின் முன்னறிவிப்பாகிவிடும். உணவு என்பது தட்டு நிறையக் கொடுப்பதன்று. வேகவைத்த கோழி ஈரலைக் கடலைப்பருப்பு அளவுக்கு நறுக்கினால் போதும், அதையும் அன்றைய சாப்பாட்டில் கழித்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊர்க் கடலைமிட்டாயைச் செவலைக்கு ஊட்ட முயன்ற பேரனிடமிருந்து பலமுறை பிடுங்க வேண்டியிருந்தது. இனிப்பு நாய்க்கு ஆகாது. திராட்சையும் வெங்காயமும் சாக்லேட்டும் அதற்கு நஞ்சு.

அடுத்தது, தன் பின்னங்கால்கள் எங்கே இருக்கின்றன என்பதை நாய் உணரச் செய்வது. பெரும்பாலான நாய்கள் முன்னங்கால் போகும் இடத்தை மட்டுமே கவனிக்கின்றன; பின்னங்கால்கள் வண்டிக்குப் பின்னால் கட்டிய கன்றுக்குட்டி போல இழுபட்டு வரும். பலகையின் மீது ஓடும்போது தவறி விழுவதற்கு இதுவே காரணமாகிறது. மூங்கில் ஏணியைத் தரையில் படுக்க வைத்து, அதன் படிகளுக்கு இடையே மெல்ல நடக்கச் செய்தேன். அகலமான ஒரு பலகையைத் தரையோடு வைத்து, அதன் மீது ஏறவும், நிற்கவும், பின்னோக்கி இறங்கவும் பழக்கினேன். வாசல் படியில் பின்னங்கால்கள் இரண்டும், தரையில் முன்னங்கால்கள் இரண்டுமாக நின்று, நான் சொல்லும் வரை அசையாதிருக்கக் கற்பித்தேன். இந்தக் கடைசிப் பாடம் வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் களத்தில் உள்ள சரிவுகளின் அடிப்பகுதி வேறு வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கும். நாயின் ஒரு பாதமாவது அங்கே பட்டாக வேண்டும், படாவிட்டால் பிழை. ஏறத்தாழ ஓர் ஆள் உயரமுள்ள சரிவின் உச்சியிலிருந்து குதித்துக் கால் ஒடித்துக்கொள்ளாமல் காப்பதற்கான விதி அது. வாசல் படியில் நிற்கப் பழகிய நாய் அந்தச் சரிவிலும் அடிவரை ஓடி வந்து அதே போல் நிற்கும்.

இதற்கிடையே, பள்ளி மைதானத்து ஓரத்தில் இருந்த வேப்பமரத்தைச் சுற்றி வரச் சொல்லிக் கொடுத்தேன். முதலில் மரத்தை ஒட்டி நின்றும், பிறகு இரண்டடி, ஐந்தடி, பத்தடி என்று விலகி நின்றும், இடப்புறமாகவும் வலப்புறமாகவும் சுற்ற அனுப்பினேன். உடன் ஓடுபவரின் இடப்பக்கம் மட்டுமே வரப் பழகிய நாய் களத்தில் பாதி நேரம் திகைத்து நிற்கும் என்பதால், இரண்டு பக்கமும் சம அளவு பழக்குவது அவசியம். அந்த மரத்தைச் சுற்றிய நாட்களில்தான் எனக்கு ஒன்று புரிந்தது. நாய் என் வாயிலிருந்து வரும் சொல்லைக் காட்டிலும் என் பாதமும் தோளும் எந்தத் திசையை நோக்குகின்றன என்பதையே பார்க்கிறது. 'வலப்பக்கம்' என்று கத்திக்கொண்டே இடப்பக்கம் திரும்பினால், அது இடப்பக்கம்தான் போகும். அதைப் போய்த் திட்டுவது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். வெறும் தரையில் நாயில்லாமல் தனியாக ஓடிப் பார்த்து என் காலடியைத் திருத்திக்கொண்டேன். தெருவில் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

ஏவல் சொற்களைத் தமிழிலேயே வைத்துக்கொண்டேன். 'இரு', 'தாண்டு', 'நுழை', 'ஏறு', 'சுற்று' என்ற ஐந்து சொற்கள் தொடக்கத்துக்குப் போதும். ஒலியில் நெருங்கிய சொற்களைத் தவிர்ப்பது நல்லது. 'வா' என்பதும் 'தா' என்பதும் ஓடும் நாயின் காதில் ஒன்றுபோலவே விழும். அதைவிட முக்கியம், வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவது. நான் 'இரு' என்றும், என் மனைவி 'உக்காரு' என்றும், பேரன் 'சிட்' என்றும் சொன்ன முதல் மாதத்தில் செவலை மூவரையும் மாறி மாறிப் பார்த்ததோடு சரி.

தடைகளுக்கென்று பெருஞ்செலவு தேவையில்லை. முக்கால் அங்குல பிவிசி குழாய்களும் சில எல்போ, டீ இணைப்புகளும் இருந்தால் ஒரு மாலையில் நான்கு தாண்டுதடைகள் செய்துவிடலாம். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: குறுக்குக்கம்பு கொக்கியின் மீது சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், நாயின் கால் பட்டால் உடனே விழ வேண்டும். கயிற்றால் இறுகக் கட்டிய மூங்கில் கழியில் கால் மாட்டிய நாய் குப்புற விழும். தங்கள் படத்தில் என்னை உறுத்திய இரண்டாவது விஷயம் அந்தக் கட்டுதான். முதலில் கம்பைத் தரையிலேயே கிடத்தி, இரு தூண்களுக்கு இடையே ஓடப் பழக்க வேண்டும். எலும்பு முற்றும் வரை நாயின் முன்னங்கால் முட்டிக்குக் கீழேயே அது இருக்கட்டும். சுரங்கத்துக்குக் குழந்தைகள் நுழைந்து விளையாடும் துணிக் குழாயே தொடக்கத்தில் போதும். மறுமுனை தெரியும்படி அதைச் சுருக்கி, உருளாதபடி இருபுறமும் மணல் மூட்டை வைத்து, அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் பெரும்பாலான நாய்கள் இரண்டாம் நாளே ஓடி வந்துவிடும். சீசா பலகையில் நாயை அச்சுறுத்துவது அதன் உயரமன்று, பலகை கீழே இறங்குவதும் அதன் சத்தமுமே. ஆகவே அரைச் செங்கல் மீது வைத்த குட்டைப் பலகையில் அந்த ஆட்டத்துக்கு முதலில் பழக்க வேண்டும். 60 செ.மீ. இடைவெளியில் நட்ட பன்னிரண்டு கம்பங்களுக்கு இடையே வளைந்தோடுவதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. முதல் கம்பம் எப்போதும் நாயின் இடத்தோள் பக்கம் வரும்படி நுழைய வேண்டும் என்ற விதியை நாய் புரிந்துகொள்ளவே மாதங்கள் ஆகும். முதுகெலும்புக்கும் தோளுக்கும் அது தரும் சுமையை நினைத்து, செவலைக்கு ஒன்றரை வயது கடந்த பின்பே அதைத் தொட்டேன்.

தரையும் வேளையும் நம் ஊரில் தனியாகச் சொல்ல வேண்டியவை. எங்கள் கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடித்து நாயின் காலை உள்ளே வாங்கும். மழையில் பாதத்தோடு அப்பிக்கொண்டு வழுக்கும். செம்மண்ணோ மணல் கலந்த புல்தரையோ உள்ள இடத்தைத் தேடிப் போக வேண்டும். மொட்டை மாடியின் சிமெண்டுத் தளமும் வீட்டுக்குள் பதித்த பளபளப்பான தரையும் தாண்டுவதற்கு உகந்தவை அல்ல. நாய்க்கு நம்மைப் போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. மூச்சு இரைத்தே அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் மாலைப் பயிற்சியை நான் அறவே விட்டுவிடுவேன். புறங்கையைத் தரையில் வைத்து ஏழு நொடி தாங்க முடியாவிட்டால், அந்தத் தரையில் நாயை நடத்தவும் கூடாது. ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் போதும். நன்றாகச் செய்கிறதே என்று பத்தாவது முறையும் செய்யச் சொல்வதுதான் எல்லோரும் செய்யும் பிழை.

பக்கத்து நகரத்தில் பயிற்சி தருவதாகச் சொல்லும் ஒருவரிடம் செவலையை ஒருமுறை அழைத்துப் போனேன். இறுகும் சங்கிலியைக் கழுத்தில் மாட்டி, தயங்கும் நாய்களைச் சரிவின் மீது இழுத்து ஏற்றிக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டேன். இழுத்து ஏற்றிய நாய் வார் இருக்கும் வரை ஏறும். வாரே இல்லாமல் ஓட வேண்டிய விளையாட்டுக்கு அந்தப் பயிற்சி எப்படிப் பொருந்தும்?

வெளிநாட்டு இனம்தான் இதற்கு வேண்டும் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. உலகப் போட்டிகளில் பார்டர் கோலி என்ற ஆட்டுக்கிடை நாய்களே முன்னணியில் நிற்கின்றன என்பது உண்மைதான். அதற்காக அடர்ந்த முடியுள்ள அந்த நாயை நம் வெயிலுக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. அக்கம்பக்கத்தாரோடு விளையாடுவதற்குத் தெரு நாயே தாராளம். மெலிந்த உடலும் கூர்ந்த கவனமும் கொண்ட செவலை, சரிவையும் பலகையையும் மூன்றே வாரத்தில் கற்றுக்கொண்டது. சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் வேட்டை நாய்களுக்குக் கோழி ஈரலைவிட ஓடும் பொருளின் மீதே ஆசை அதிகம். கோலின் நுனியில் கயிற்றில் துணியைக் கட்டி இழுத்து ஓடினால் அவை உற்சாகமாகக் கற்கும். ஆனால் தொலைவில் ஓர் அணில் ஓடினாலும் பாடத்தை விட்டுவிட்டுப் பறந்துவிடும் என்பதால் வேலியுள்ள இடம் கட்டாயம். முயல் வேட்டை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் தடுக்கப்பட்ட பின், அந்தக் கால்களின் வேகத்துக்கு வேறொரு வேலை கொடுக்க இந்த விளையாட்டு ஒரு நல்ல வழி. ராஜபாளையம் நாய்களில் சில காது கேளாமல் பிறப்பதுண்டு. கையசைவே மொழியாக உள்ள இந்தக் களத்தில் அவற்றுக்கும் இடமுண்டு. மாறாக, பக் போன்ற சப்பை மூக்கு நாய்களையும், விலா எலும்பு கைக்குத் தட்டுப்படாத அளவுக்குப் பருத்த நாய்களையும் மருத்துவரிடம் காட்டாமல் ஓடவிடக் கூடாது.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இனி இத்தகைய படங்களை வெளியிடும்போது, நாயின் வயதுக்கு அந்த உயரம் தகுமா என்று ஒரு கால்நடை மருத்துவரிடம் கேட்டு, அவர் சொல்வதை ஒரு வரியாவது படத்தின் அடியில் சேர்த்து அச்சிடுங்கள். நகராட்சிகளுக்கும் ஒன்றைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன். பூங்காக்களிலும் மைதானங்களிலும் 'நாய்களுக்கு அனுமதி இல்லை' என்ற பலகையை மட்டுமே பார்க்கிறோம். ஏதேனும் ஒரு மூலையில், ஆளுயரக் கம்பிவேலி போட்ட சிறிய செம்மண் திடல் ஒன்றைக் காலை ஆறு முதல் ஏழு மணி வரை, தடுப்பூசிச் சான்றும் எச்சம் அள்ளும் பையும் கொண்டு வருவோருக்குத் திறந்துவிட்டால், மொட்டை மாடியில் கழி கட்டுவோர் கீழே இறங்கி வருவார்கள். குழாய்த் தடைகள் எங்கள் வீட்டுக் கொட்டகையில் பத்து இருக்கின்றன. அவற்றைக் கொண்டு வந்து போட நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
கோவில்பட்டி.